மாரிக்கு முன் செய்து வைக்கவேண்டியவை: வன்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வெள்ளக்காலத் தொடர்பு வழிகாட்டி

இடமாற்றத்தில் வந்த ஆசிரியர், கலியாணம் கட்டி வந்தவர், தமிழ்நாட்டு முகாமிலிருந்து ஊர் திரும்பியவர், வெளிநாட்டிலிருந்து வந்து அப்பாவின் காணியைத் துப்புரவாக்கிக் குடியேறியவர் என்று வன்னிக்குப் புதிதாக வருகிறவர்கள் பலவிதம். கிணற்றுத் தண்ணீர் எப்படி, பாம்பு தொல்லை உண்டா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரிப்பார்கள். மாரியில் போன் வேலை செய்யுமா என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு. நானும் வெளியூரிலிருந்து வந்தவன்தான். கீழே இருப்பது பல அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் அலைந்து, ஊராட்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. நீங்களும் அதே அலைச்சலைப் படவேண்டாம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். இங்கே வெள்ளம் உங்கள் முற்றத்தில் பெய்யும் மழையால் மட்டும் வருவதில்லை. வவுனியா வடக்கில் பெய்யும் மழை கனகராயன் ஆற்றால் இரணைமடுக் குளத்துக்கு வரும். குளம் வான் பாய்ந்தால், அதாவது நிரம்பி வழிந்தால், அந்தத் தண்ணீர் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் இறங்கிச் சுண்டிக்குளம் கடலேரிக்குப் போகும். மன்னாரில் அருவியாற்றுக் கரை ஆட்களுக்கு அநுராதபுரத்து மழைதான் ஆபத்து. ஆகவே உங்கள் வீட்டுக்கு வரப்போகும் தண்ணீரை உங்களுக்கு மேலே இருக்கும் யாரோ ஒருவர் மணித்தியாலக் கணக்கில் முன்பே பார்த்திருப்பார். அவர் கண்டது உங்கள் காதுக்கு வரவேண்டும். அது வரும்போது உங்கள் போன் உயிரோடு இருக்கவேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

எப்போது தொடங்குவது? புரவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரைகடந்தது 2020 டிசம்பர் 2. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கிய 2018 வெள்ளம் டிசம்பர் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு. 2024இல் ஃபெங்கல் புயல் காலத்து வெள்ளம் நவம்பர் கடைசி வாரம். 2025இல் டித்வாப் புயலும் நவம்பர் கடைசி வாரம். எனவே செப்டெம்பர் முடிவதற்குள் கீழே உள்ள எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். ஒக்டோபரில் விதைப்புத் தொடங்கிவிட்டால் ஊரில் யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது. நவம்பரில் கடைகளில் பவர் பாங்க் இருக்காது.

1. கிராம அலுவலரிடம் பதியுங்கள்

தொடர்பாடல் பற்றிய கட்டுரையில் இது ஏன் முதலில் வருகிறது என்று யோசிக்கலாம். வெள்ள நேரத்தில் அரசாங்கத்தின் செய்தி வரும் பாதை இதுதான்: மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம அலுவலர், பிறகு நீங்கள். அவரது கையில் உள்ள பட்டியலில் உங்கள் பெயரும் போன் நம்பரும் இல்லாவிட்டால் பாதை உங்களுக்கு ஒரு வீடு முன்பே முடிந்துவிடும். இடைத்தங்கல் முகாமில் சாப்பாட்டுப் பார்சல் எண்ணுவதும், பிறகு நட்டஈட்டுக்கு விபரம் எடுப்பதும் அதே பட்டியலை வைத்துத்தான்.

கொண்டுபோகவேண்டியவை: குடும்பத்தில் எல்லோரது அடையாள அட்டை அல்லது பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, முன்பு இருந்த இடத்துக் கிராம அலுவலரின் கடிதம், வாடகை என்றால் ஒப்பந்தம் அல்லது வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம், சொந்தக் காணி என்றால் உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி. செலவு போட்டோப் பிரதிக்கு மட்டும்தான். மக்கள் சந்திக்கும் நாள் எதுவென்று கேட்டுவிட்டுப் போங்கள். மற்ற நாட்களில் அவர் கூட்டத்திலோ களத்திலோ நிற்பார்.

வாடகைக்கு இருப்பவர்கள் இதைத் தட்டிக்கழிக்கிறார்கள். “நாங்கள் எப்படியும் ஒரு வருஷத்தில் போய்விடுவோம்” என்பார்கள். டித்வாவுக்குப் பிறகு வீடு துப்புரவாக்க அரசு 25,000 ரூபாய் அறிவித்தபோது முதலில் பார்க்கப்பட்டது யார் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பதைத்தான்.

போகும்போதே இரண்டு விஷயம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் கிராம அலுவலர் பிரிவின் பெயரும் இலக்கமும் ஒன்று. வெள்ளம் வந்தால் உங்கள் பகுதி ஆட்களை எந்தப் பள்ளிக்கூடத்தில் அல்லது பொதுநோக்கு மண்டபத்தில் வைப்பார்கள் என்பது மற்றது. இரண்டும் பின்னால் தேவைப்படும்.

2. சிம்: இரண்டு வலையமைப்பு, இரண்டும் உங்கள் பெயரில்

இப்போது நாட்டில் மூன்று வலையமைப்புகள்தான்: டயலொக், எஸ்.எல்.ரி-மொபிற்றல், ஹட்ச். எயார்ட்டெல் 2024இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது. ஆகவே கையில் டயலொக்கும் எயார்ட்டெல்லும் இருக்கிறது என்றால் இரண்டு வலையமைப்பு இருப்பதாக நினைக்காதீர்கள்.

எது நல்லது என்று கடைக்காரரிடம் கேட்பதில் பிரயோசனம் இல்லை. கிளிநொச்சி ரவுனில் எல்லாமே நாலு கோடு காட்டும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் ரோட்டால் உள்ளே போய், அங்கிருந்து ஒரு கிறவல் ஒழுங்கையில் திரும்பினால் கதை வேறு. பக்கத்து வீட்டார் இருவரிடம் கேளுங்கள். அல்லது வேறு சிம் வைத்திருக்கும் நண்பரைக் கூட்டிக்கொண்டு மூன்று இடங்களில் சோதியுங்கள்: வீட்டுக்குள், முற்றத்தில், முகாமாகப் போகும் அந்தப் பள்ளிக்கூடத்தில். மூன்றாவது இடத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். வெள்ளத்தின்போது நீங்கள் நாள்கணக்கில் இருக்கப்போவது அங்கேதான்.

தேவையானது அடையாள அட்டையின் மூலப்பிரதி. வெளிநாட்டுக் குடியுரிமை என்றால் கடவுச்சீட்டு. செலவு சில நூறு ரூபாய், வேலை அன்றே முடியும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. தம்பியின் பெயரில், பழைய வீட்டுக்காரரின் பெயரில், எங்கோ கொழும்பில் இருக்கும் மச்சானின் பெயரில் எடுத்த சிம்மை வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் ஏராளம். வெள்ளத்தில் போன் போனால் அதே நம்பரில் புதிய சிம் எடுக்க அந்தப் பெயருக்குரியவர் அடையாள அட்டையோடு வரவேண்டும். வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கம் தொடக்கம் எல்லாம் அந்த நம்பரில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். இப்போதே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய உரிமையாளர் ஒருமுறை கூட வந்தால் போதும்.

இரண்டாவது சிம்மைப் பாவிக்காமல் மேசை லாச்சிக்குள் போட்டுவைத்தால் சில மாதங்களில் நிறுத்திவிடுவார்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு அழைப்பு எடுங்கள். ஒக்டோபருக்குப் பிறகு இரண்டிலும் கொஞ்சம் ரீலோட் எப்போதும் இருக்கட்டும். வெள்ளத்தில் ரீலோட் கடையும் பூட்டித்தான் இருக்கும்.

3. போன்: வெளிநாட்டுப் பரிசு ஒன்று, பட்டன் போன் ஒன்று

வன்னியில் பல போன்கள் லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்தவை. 2025 ஜனவரி 28இலிருந்து தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியப்படாத புதிய கருவிகளுக்கு வலையமைப்பு இணைப்பு இல்லை என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆகவே மாமா கொண்டுவந்த போன் வைஃபையில் அழகாக ஓடும், சிம் போட்டால் ஓடாமல் போகலாம். இங்கே கடையில் வாங்குவதென்றால் *#06# அழுத்தி ஐ.எம்.ஈ.ஐ இலக்கத்தை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள இலக்கத்தைப் பாருங்கள். பிறகு ‘ஐ.எம்.ஈ.ஐ’ என்பதை ஆங்கிலத்தில் (IMEI) அடித்து, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்.எம்.எஸ் அனுப்புங்கள். காசு கொடுப்பதற்கு முன்பே பதில் வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் பதிவு வேலையை மாரிக்கு முன்பே தொடங்குங்கள்.

அதோடு ஒரு சாதாரண பட்டன் போனும் வாங்குங்கள். ஐயாயிரம் ரூபாய் சுற்றில் கிடைக்கும். ஸ்மார்ட் போன் ஒரு நாளில் சாகும் இடத்தில் இது பல நாள் கிடக்கும். கதைக்கவும் எஸ்.எம்.எஸ் அனுப்பவும் அது போதும், வெள்ளத்தில் வேறு என்ன வேண்டும்? இரண்டாவது சிம்மை அதில் போட்டுவிடுங்கள். முக்கியமான நம்பர்களை அதிலும் பதியுங்கள், ஒரு தடித்த மட்டையிலும் பேனையால் எழுதி ஷொப்பிங் பையில் சுற்றி வையுங்கள். இன்று யாருக்கும் தன் மனைவியின் நம்பர்கூட மனப்பாடம் இல்லை.

எஸ்.எம்.எஸ் பற்றி ஒன்று. தமிழ் எழுத்தில் அடித்தால் ஒரு செய்திக்கு 70 எழுத்துக்குறிதான் இடம், ஆங்கில எழுத்தில் 160. தமிழில் நீட்டி எழுதிய செய்தி துண்டு துண்டாகப் போகும். நெரிசலில் ஒரு துண்டு வரும், மற்றது வராது. பழைய பட்டன் போனில் வெறும் பெட்டி பெட்டியாகவும் தெரியலாம். தமிழ்ப் பற்று இருக்கட்டும், அந்த நேரத்தில் ஆங்கில எழுத்தில் தமிழைச் சுருக்கமாக அடியுங்கள்.

4. சார்ஜ்: உண்மையான சண்டை இங்கேதான்

கரண்ட் போனால் என்ன நடக்கிறது என்று விளங்கினால் மிச்சம் எல்லாம் தானாக விளங்கும். போன் கோபுரத்துக்கும் மின்சார சபையின் கரண்ட்தான். அது நின்றால் கோபுரத்தின் பற்றரி சில மணித்தியாலம் தாங்கும். பிறகு ஜெனரேற்றர், அதற்கு டீசல், டீசல் வர ரோட்டு. வட்டுவாகல் பாலத்தின் மேலால் தண்ணீர் பாய்ந்தால், பரந்தன் முல்லைத்தீவு ரோட்டு மூடினால், டீசலும் வராது. அதனால்தான் வெள்ளத்தின் முதல் ஆறு ஏழு மணித்தியாலம் போன் நன்றாக வேலை செய்யும், “பிரச்சினை இல்லை” என்று நினைப்போம், பிறகு ஊரே ஒரேயடியாக அமைதியாகிவிடும். உங்களுடைய முக்கியமான அழைப்புகளை எல்லாம் கரண்ட் போன உடனேயே எடுத்து முடியுங்கள்.

இன்னொரு விதமும் உண்டு. கோபுரம் உயிரோடு நிற்கும், போனில் கோடும் காட்டும், ஆனால் அழைப்புப் போகாது. கோபுரத்தை வெளியுலகோடு இணைக்கும் ஃபைபர் கேபிள் எங்கோ தூரத்தில் அறுந்திருக்கும். டித்வாவின்போது நாட்டின் பல பகுதிகளில் இதுதான் நடந்தது. அப்படி இருந்தால் திரும்பத் திரும்ப அழைத்துப் பற்றரியைச் சாகடிக்காமல் மற்ற வலையமைப்பின் சிம்முக்கு மாறுங்கள்.

பவர் பாங்க் வாங்கும்போது 20,000 மில்லி அம்பியர் மணி கொள்ளளவு உள்ளதாகப் பாருங்கள். 10,000 என்று எழுதியிருந்தால் மாற்றத்தில் போகும் இழப்புக் கழிய 6,000 சொச்சம்தான் போனுக்குப் போகும். இன்றைய போன் ஒன்றை ஒருதரம் நிரப்பினால் கிட்டத்தட்ட முடிந்தது. விலை கம்பெனியைப் பொறுத்துச் சில ஆயிரம். சந்தையில் 50,000 என்று எழுதி மலிவாக விற்பதைத் தூக்கிப் பாருங்கள். பாரமே இல்லை என்றால் உள்ளேயும் ஒன்றும் இல்லை. வாங்கிய அன்றே ஒருமுறை முழுக்கப் பாவித்துச் சோதியுங்கள். மாரி முழுக்க, வானம் கறுத்தால் உடனே சார்ஜில் போடுவதைப் பழக்கமாக்குங்கள்.

வீட்டில் நாலு சக்கர ட்ரக்டர் இருந்தால் உங்களிடம் ஏற்கெனவே பெரிய பவர் பாங்க் இருக்கிறது. அதன் 12 வோல்ட் பற்றரியில் பூட்டும் யூ.எஸ்.பி சார்ஜர் சில நூறு ரூபாய்தான். பக்கத்து வீட்டில் இருந்தாலும் சரி, இப்போதே கேட்டு வையுங்கள், இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். மோட்டார் சைக்கிளிலும் அதேபோல் பூட்டலாம்.

கூரையில் சோலர் போட்டவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. மின்சார சபைக் கம்பியோடு இணைத்து யூனிற் விற்கும் சாதாரண சோலர், கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு அடிக்காமல் இருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். தனியாகப் பற்றரி வைத்த முறை என்றால் மட்டுமே வீட்டில் வெளிச்சம். லட்சக்கணக்கில் செலவழித்தவர் இதை வெள்ளத்தன்று இரவில் அறிவது பாவம், பொருத்தியவரிடம் இன்றே கேளுங்கள். கையடக்க சோலர் தகடுகளையும் நம்பவேண்டாம், மூடிய மாரி வானத்தில் அவை போனுக்கு நக்கக்கூடப் போதாது.

ஃபைபர் இணைப்போடு வரும் வீட்டுத் தொலைபேசியும் அப்படித்தான், ரவுட்டருக்குக் கரண்ட் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. ரவுட்டருக்கென்றே சின்ன 12 வோல்ட் யூ.பி.எஸ் கடைகளில் உண்டு, சில மணித்தியாலம் தாங்கும்.

சிக்கனத்துக்கு ஒரே ஒரு விதி. சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பற்றரியைத் தின்னும். விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, ஒவ்வொரு மணித்தியாலத்தின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் மட்டும் திறவுங்கள். உங்களைத் தேடுகிறவருக்கும் இந்த நேரத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

5. செய்தி யாரிடமிருந்து?

இதற்குச் செலவு இல்லை, ஆனால் நேரம் வேண்டும். புதிதாக வந்தவர்கள் தோற்பதும் இங்கேதான், ஏனென்றால் கடையில் வாங்கமுடியாத ஒரே சாமான் இது.

உங்கள் வீட்டுக்கு மேலே எந்தக் குளம் இருக்கிறது என்று கேட்டு அறியுங்கள். பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ்: இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, மன்னாரில் கட்டுக்கரை. இவற்றின் செய்தி எப்படியும் வெளியே வரும். ஆனால் ஊருக்கு ஊர் இருக்கும் சின்னக் குளங்கள் கமநல சேவை நிலையத்தின் கீழ் வருபவை, அவற்றைப் பற்றித் தொலைக்காட்சியில் யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு சின்னக் குளம் உடைந்தாலே உங்கள் ஒழுங்கைக்குப் போதும். அந்தக் குளத்தை இரவிரவாகப் போய்ப் பார்க்கிறவர்கள் கமக்கார அமைப்பு, அதாவது விவசாயிகள் சங்கத்து ஆட்கள். நீங்கள் வயல் செய்யாவிட்டாலும் அமைப்பின் தலைவரையோ செயலாளரையோ நேரில் கண்டு, இன்ன ஆள், இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று சொல்லி, வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். நம்பரை வாங்குவது மட்டும் போதாது, முகம் தெரிந்திருந்தால்தான் நடுச்சாமத்தில் “அண்ணை, வான் எவ்வளவு பாயுது?” என்று எடுத்துக் கேட்கலாம், அவரும் தூக்கத்தில் எரிந்து விழாமல் பதில் சொல்வார்.

பிறகு உத்தியோகபூர்வமானவை. மழைக்கும் புயலுக்கும் வளிமண்டலவியல் திணைக்களம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இணையத்தளத்தில் ஆற்று நீர்மட்ட அறிக்கை வரும். அருவியாற்றுக் கரை ஆட்கள் அதில் மல்வத்து ஓயா என்ற பெயரில் தந்திரிமலை அளவீட்டைப் பாருங்கள்; அங்கே ஏறுவது பிறகு உங்களிடம் வரும். வானிலை அறிக்கையில் ‘100 மில்லிமீற்றருக்கு மேல்’ என்றால் பலத்த மழை, ‘150க்கு மேல்’ என்றால் மிகப் பலத்தது. குளங்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்போது 100 என்பதே கவலைப்படவேண்டிய எண். தமிழில், நம் இடங்களின் பெயரோடு விளக்கம் வேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா பேஸ்புக்கில் எழுதுவதை வடக்கில் பலர் பின்தொடர்கிறார்கள். நானும் தான்.

இனிப் பொறிகள். தமிழ்நாட்டு யூடியூப் வானிலைக்காரர்கள் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் அவர்கள் சொல்லும் ரெட் அலர்ட் நாகபட்டினத்துக்கு. அதை வெட்டி ஒட்டி இங்கே பகிர்ந்தால் பயம் மட்டும்தான் மிஞ்சும். மறுபக்கத்தில், “புயல் இந்தியாவுக்குப் போகுதாம்” என்று கேட்டு நிம்மதியாகப் படுக்கவும் கூடாது. ஃபெங்கல் 2024 நவம்பர் 30இல் கரைகடந்தது புதுச்சேரிக்குப் பக்கத்தில். வன்னியில் வெள்ளம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

“இரணைமடு உடைந்துவிட்டது” என்ற குரல்பதிவும் எங்கிருந்தோ வந்துசேரும். வான் பாய்தல், வான்கதவு திறத்தல், குளக்கட்டு உடைதல் மூன்றும் வேறு வேறு. இரணைமடுவின் முழுக்கொள்ளளவு 36 அடி; அதை நெருங்கும்போது கதவு திறப்பது வழமையான வேலை. எத்தனை கதவு, எத்தனை அங்குலம் என்ற விபரம்தான் உங்களுக்குத் தேவை. திகதி இல்லாத, இடத்தின் பெயர் இல்லாத, பலமுறை கைமாறியது என்று காட்டும் இரட்டை அம்புக்குறியோடு வரும் எதையும் குழுவில் தள்ளிவிடாதீர்கள்.

6. போன் செத்த பிறகு

உலர் பற்றரியில் ஓடும் சின்ன றேடியோ ஒன்று, மாற்றுப் பற்றரி இரண்டு சோடி. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் தனியார் எப்.எம்.களும் உங்கள் வீட்டில் எந்த இலக்கத்தில் தெளிவாக வருகின்றன என்று இப்போதே தேடி, றேடியோவின் முதுகில் ஒட்டிவையுங்கள். மத்திய அலையும் பிடிக்கும் றேடியோவாக இருக்கட்டும், இரவில் தூரத்து நிலையங்களும் கேட்கும்.

ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வரும் அறிவிப்பு பிரதான ரோட்டோடு நின்றுவிடும். காணிகள் பெரிது, வீடுகள் தூரம் தூரம். மழைச் சத்தத்தில் கோயில் ஒலிபெருக்கியும் கேட்காது. ஒழுங்கையின் முகப்பில் இருக்கும் வீட்டாரிடம், அறிவிப்பு வந்தால் ஒரு பெடியனை அனுப்பச் சொல்லி வையுங்கள்.

கரையோரத்தில் இருப்பவர்கள் கடற்றொழிலாளர் சங்கத்தோடு தொடர்பாக இருந்தால் போதும், கடல் எச்சரிக்கை அங்கே முதலில் வரும்.

7. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லப் பழகுங்கள்

அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. பொலிஸ் 119. இலவச அம்புலன்ஸ் 1990. கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்தால் மின்சார சபை 1987. நம்பர்களை எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். எடுத்தபிறகு என்ன சொல்வது என்பதில்தான் திணறுகிறார்கள். 117 எடுத்தால் மறுமுனையில் இருப்பவர் கொழும்பில் இருக்கிறார். “எட்டாம் வாய்க்கால், பிள்ளையார் கோயிலுக்குப் பின்பக்கம்” என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. தமிழில் கதைக்கவேண்டும் என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிட்டு, இந்த வரிசையில் போங்கள்: மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம அலுவலர் பிரிவின் பெயரும் இலக்கமும், எத்தனை பேர், அதில் குழந்தை, கர்ப்பிணி, நடக்கமுடியாதவர் யார், தண்ணீர் எந்த உயரம். பிறகு உங்கள் நம்பரைச் சொல்லிவிட்டு வையுங்கள். மாவட்டச் செயலகத்தில் இருக்கும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவின் நேரடி நம்பரையும் முன்பே வாங்கி வைத்தால் இன்னும் நல்லது. கிளிநொச்சி, முல்லைத்தீவுக்கு 021, வவுனியாவுக்கு 024, மன்னாருக்கு 023 என்று தொடங்கும்.

படகோடு வருகிறவருக்கு வழி சொல்வது வேறு வேலை. தண்ணீர் மூடினால் மதகும் தெரியாது, மைல்கல்லும் தெரியாது. கூகுள் வரைபடத்தில் உங்கள் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு இலக்கங்கள் வரும். கிளிநொச்சி, முல்லைத்தீவு என்றால் முதலாவது பெரும்பாலும் 9இல் தொடங்கும். வவுனியா என்றால் 8. இரண்டாவது 80, மன்னாரில் 79ஆகவும் இருக்கலாம். அந்த இரண்டையும் நம்பர் மட்டையில் எழுதுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்பலாம், வாயாலும் சொல்லலாம். வேறு இடத்தில் சிக்கினால் போனின் ஜி.பி.எஸ் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும், அதற்கு உங்கள் மாவட்ட வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்திருக்கவேண்டும். ஆனால் அதே வரைபடம் காட்டும் வழியால் போகாதீர்கள். குளக்கட்டையும் வயல் வரம்பையும் அது ரோட்டு என்று காட்டும்.

8. வெளிநாட்டு உறவுகளைச் சமாளித்தல்

கிளிநொச்சியில் வெள்ளம் என்று செய்தி வந்ததும் ரொறன்ரோவிலிருந்து பெரியம்மா, பாரிஸிலிருந்து சித்தப்பா, மெல்பேர்னிலிருந்து மச்சாள், எல்லோரும் ஒரே இரவில் வீடியோ அழைப்பு எடுப்பார்கள். அன்புதான், ஆனால் உங்கள் பற்றரியை வெள்ளத்தைவிட வேகமாக முடிப்பது அதுதான். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வெள்ளம் வராத இடத்தில் உள்ள ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள். நீங்கள் அவருக்கு மட்டும் எஸ்.எம்.எஸ் அனுப்புவீர்கள், அவர் குடும்பக் குழுவில் போடுவார். நல்ல வெயில் நாளில் இதை எல்லோருக்கும் சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள். கோபித்துக்கொள்ளும் பெரியம்மாவிடம் இரண்டு தரம் சொல்லவேண்டி வரும்.

9. வாங்கவேண்டாதவை

வோக்கி டோக்கி வேண்டாம். இணையத்தில் மலிவாக விற்கிறார்கள், ஆனால் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வானொலிக் கருவி வைத்திருப்பது குற்றம். வன்னியில் அது இன்னும் பல கேள்விகளைக் கொண்டுவரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உண்மையாகவே ஆசை என்றால் ஆணைக்குழுவின் பரீட்சை எழுதி முறையாக அமெச்சூர் வானொலி உரிமம் எடுங்கள். 2004 சுனாமியில் அம்பாந்தோட்டையோடு தொடர்பு அறுந்தபோது அந்த உரிமக்காரர்கள்தான் இணைப்புக் கொடுத்தார்கள். ஆனால் அது ஒரு மாரிக்குள் முடிகிற வேலை இல்லை.

ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது. கோபுரம், ஃபைபர் எதுவும் தேவையில்லை, ஆனால் கருவிக்கே ஒரு லட்சத்துக்கு மேல், பிறகு மாதக்கட்டணம், அதோடு கரண்டும் வேண்டும். தனி வீட்டுக்கு அதிகம். கிராம அபிவிருத்திச் சங்கமோ கோயிலோ ஒன்று போட்டு, ஜெனரேற்றரோடு பொதுநோக்கு மண்டபத்தில் வைத்தால் நியாயம் உண்டு. சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள், வெளிநாட்டுக் காசு மதில் கட்டவும் வளைவு கட்டவும் வருகிறதுதானே.

புளூடூத்தில் போனுக்குப் போன் செய்தி தாவும் செயலிகள் நெருக்கமான நகரத்துக்கு நல்லவை. ஏக்கருக்கு ஒரு வீடு இருக்கும் இடத்தில் தாவ வழியில்லை.

10. தண்ணீர் வற்றிய பிறகு

துப்புரவாக்கத் தொடங்குவதற்கு முன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, வீட்டின் முன்பக்கம் முழுதாக, சேதமான ஒவ்வொரு சாமானும், கிணறு, வயல், செத்த ஆடு மாடு. படத்தில் ஒரு ஆள் நின்றால் உயரம் விளங்கும். கையெழுத்துப் படிவங்கள் தொலைந்தாலும் திகதியோடு கூடிய படம் உங்களிடம் இருக்கும். வயல் அழிந்தவர்கள் கமநல சேவை நிலையத்துக்கு உடனே அறிவியுங்கள். தண்ணீர் வடிந்து பயிர் மறுபடி பச்சை காட்டத் தொடங்கினால் சேதத்தை நிரூபிப்பது கஷ்டம். கிராம அலுவலர் விபரம் எடுக்க வரும்போது நீங்கள் முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்தால் பெயர் விடுபடும், ஆகவே எங்கே இருக்கிறீர்கள் என்று அவருக்கு ஒரு எஸ்.எம்.எஸ் போட்டு வையுங்கள். பட்டியலில் பெயர் வந்ததா என்று பிரதேச செயலகத்தில் நேரில் கேளுங்கள். விடுபட்டால் எழுத்தில் மேன்முறையீடு கொடுத்து, ஒரு பிரதியில் கிடைத்தது என்று முத்திரை வாங்குங்கள்.

இதற்கெல்லாம் பத்திரங்கள் வேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் செப்டெம்பரிலேயே படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள், அந்த எட்டாம் படியின் உறவுக்காரருக்கும் ஒரு பிரதி. அடையாள அட்டை தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டில் தொடங்கிக் கிராம அலுவலர், பிரதேச செயலகம் என்று போகவேண்டும். இலக்கமாவது கையில் இருந்தால் அந்த அலைச்சல் பாதியாகும்.

நனைந்த போனைச் சார்ஜில் போட்டுப் பார்க்காதீர்கள், அரிசிக்குள்ளும் புதைக்காதீர்கள். சிம்மைக் கழற்றி உலர்ந்த பட்டன் போனில் போட்டுவிட்டு, போனைத் திருத்துகிறவரிடம் கொடுங்கள். வெள்ளச் சேறும் கரையோரத்து உப்பும் உள்ளே இருந்தால் நாள் போகப் போகத்தான் அரிக்கும், ஆகவே கடை திறந்த முதல் நாளே போங்கள்.